வெட்ட மறுத்த டி.என்.ஏ.

அத்தியாயம் 6

"பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் உள்ள நின்னீங்கன்னா வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளிய தள்ளச் சொல்வேன்."

உப்பளம் பகுதியில் பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து உண்டாக்கிய ஆய்வகம் அது. அதன் வாசலில் நின்று இப்படி வரவேற்றவர் முதலாளி முசியே பெர்னார். அறுபது வயது, பிரெஞ்சு பாஸ்போர்ட். லியோனில் இருபது வருஷம் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். சட்டைக்குப் போட்ட கஞ்சியில் கொஞ்சத்தைக் குரலுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துபிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு பத்து.

"வெயில்ல வந்தவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கற நேரம் அதுல சேருமா சேராதா முசியே?"

"யார் இவன்?" என்று அவனைப் பார்க்காமலே கேட்டார் பெர்னார்.

"என் உதவியாளர்," என்றார் கலைமகள். "வாய் கொஞ்சம் நீளம். மத்தபடி யோக்கியன்."

கலைமகள் இருபத்தாறு வருஷம் கலால் துறையில் அதிகாரியாக இருந்தவர். கலப்படச் சாராயத்தை மூடியைத் திறக்காமலே கண்டுபிடிப்பார் என்று பெயர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சாரம் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். லூர்துபிரகாஷ், அவர் மூடி முத்திரை வைத்த ஒரு பாரில் கேஷியராக இருந்தவன். பாரை மூடிய கையோடு அவனை வேலைக்கும் வைத்துக்கொண்டார். நாற்பது வயதில் அவனுக்கு வேலைதான் புதுசு, வாய் பழசுதான்.

"என் பார்ட்னர் மதாம் நத்தாலி போன் பண்ணிக் கெஞ்சினதாலதான் உங்களை உள்ள விடறேன்," என்றார் பெர்னார். "இல்லேன்னா ஒரு மோசடிக்காரிக்காக வர்றவங்களுக்கு என் வாசல்ல என்ன வேலை? எட்டு மாசம் வேலை செஞ்ச மருந்து ஒரே மாசத்துல செத்துப்போவுமா? நாலு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு. நாலு தடவையும் சைபர். அது என்னைக்குமே வேலை செஞ்சதில்ல. ரிசல்ட் எல்லாம் அந்தப் பொண்ணா உக்காந்து வரைஞ்சது. அஞ்சு மணிக்கு மதாம் வருவாங்க. புகார்ல ரெண்டு கையெழுத்து. அதோட அவ ஃபினி, முடிஞ்சா."

பொய்க்கோபம் எப்படி இருக்கும் என்று பாரில் பத்து வருஷம் பார்த்தவன் லூர்துபிரகாஷ். இந்தக் கோபத்தில் பொய் தெரியவில்லை. மனுஷன் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவனுக்கு உறுத்தியது.

அந்த மருந்தை உருவாக்கிய விஞ்ஞானி ஜோவிதாவின் அறை கடைசியில் இருந்தது. முப்பத்துமூன்று வயது. அழுது வீங்கிய கண்களோடு, அழுததைக் கேட்டால் அடிப்பேன் என்பதுபோல் நின்றாள். நேற்று சாரத்துக்கு வந்து கலைமகளிடம் வழக்கை ஒப்படைத்தவள் அவள்தான். புகாரில் கையெழுத்து விழுந்துவிட்டால் இந்தியாவில் எந்த ஆய்வகமும் அவளுக்குக் கதவைத் திறக்காது. பொய் முடிவு காட்டியவள் என்ற பெயர் அவள் போகும் ஊருக்கெல்லாம் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"நேத்து முழுக்கச் சொன்னீங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது," என்றான் லூர்துபிரகாஷ். "டி.என்.ஏ.ன்னா அப்பன் யாருன்னு கண்டுபுடிக்கறதுக்குத்தானே? அது எப்படி மருந்தாவும்?"

"எழுத்தைச் சுமந்துக்கிட்டு சும்மா இருக்கறதுதான் டி.என்.ஏ. வேலைன்னு ரொம்ப காலம் நெனைச்சாங்க," என்றாள் ஜோவிதா வெடுக்கென்று. "ஒத்தை இழையா, சரியான வரிசையில செஞ்சா அதுவே நொதி மாதிரி வேலை செய்யும். வெட்டும். சொரியாசிஸ் வந்தவங்க தோல்ல ஒரு புரதம் அளவுக்கு மேல தயாராவுது. அதைத் தயார் பண்ணச் சொல்லி செல்லுக்குள்ள ஒரு சீட்டு போவும், ஆர்.என்.ஏ.ன்னு. எங்க டி.என்.ஏ. அந்த ஒரு சீட்டை மட்டும் தேடிப் புடிச்சு ரெண்டா வெட்டும். வெட்டிட்டு அடுத்த சீட்டுக்குப் போவும்."

"அதாவது கிச்சனுக்குப் போற ஆர்டர் சீட்டை நடுவுல கிழிச்சுட்டா டேபிளுக்கு சிக்கன் வராது. எங்க பார்ல ஒரு சர்வர், கஸ்டமர் மேல கோவம் வந்தா இதைத்தான் செய்வான்."

"மருந்தாவே ஆயிடுச்சா?" என்று கேட்டார் கலைமகள்.

"இல்ல. தட்டுல வளத்த தோல் செல்லுல வேலை செஞ்சுது, அவ்ளோதான். மனுஷங்களுக்குப் போட இன்னும் பல வருஷம் ஆவும், போடாமலேயும் போவலாம். ஆனா வேலை செஞ்சுது மேடம். என் கண்ணால பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

"ரெஜிஸ்டரைக் குடுங்க."

கலைமகள் பக்கங்களைப் புரட்டினார். கடைசி மாதத்தில் தோற்றுப்போன சோதனைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். மூன்று. மறுபடியும் தொட்டு எண்ணினார். விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.

"இது இன்னா, முன்னாடி நூறுன்னு இருக்கு, இப்போ அம்பதுன்னு இருக்கு?"

"ட்யூப்ல டி.என்.ஏ. எவ்ளோ அடர்த்தியா இருக்குங்கற அளவு. திடீர்னு பாதியாக் காட்டுச்சு. உடனே போய்ச் சொன்னேன். முதல்லயே ரெண்டு மடங்கா எழுதி ஏமாத்தியிருக்கேன்னு அதையும் என் தலையிலதான் கட்டினாரு. எழுத்து வரிசையையும் சோதிச்சுப் பாத்தாங்க. அது சரியாத்தான் இருக்கு. யாரும் வேற சரக்கை மாத்தி வெக்கல."

"ட்யூப்ல மட்டம் குறைஞ்சிருந்துதா?"

"இல்ல. கோடு வரைக்கும் அப்படியே இருந்துது."

அன்றைக்கு முதல் தடவையாகக் கலைமகள் சிரித்தார். "லூர்து, பாட்டில் நிறைய இருக்கு, சரக்கு பாதிதான் இருக்கு. இன்னா அர்த்தம்?"

"பாதியை எவனோ அடிச்சுட்டு, தெரியாம இருக்கறதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கான். எங்க ஓனரு சனிக்கிழமை தவறாம செய்வாரு."

ஜோவிதா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். திருட்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. மருந்து கெட்டது என்றும், தன் கணக்கு தப்பு என்றும், ஒரு ராத்திரி தனக்கே பைத்தியமோ என்றும்கூட யோசித்திருக்கிறாள். ஆனால் மறுநொடி தலையை ஆட்டினாள்.

"ஒத்து வரல. பாதியாயிருந்தா மெதுவா வெட்டும். ஆனா வெட்டணும்."

"அதேதான் எனக்கும்," என்றார் கலைமகள். "தண்ணி கலந்த சாராயம் கம்மியா ஏறும், ஆனா ஏறும். இது ஏறவே இல்ல. அப்போ ஊத்தினது தண்ணி இல்ல. எதை ஊத்தினா இது வெட்டாது?"

ஜோவிதாவின் முகம் மாறியது. எழுந்து போய்த் தன் அறைக் கதவைக் காட்டினாள். கண் மட்டத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும், சிவப்பு எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'டி.இ. பாட்டில் இந்த அறைக்குள் வரக்கூடாது.'

"டி.என்.ஏ.வைக் கெடாம வெக்கற திரவம். உலகம் பூரா அதுலதான் வெப்பாங்க. கை தானாப் போவும்," என்றாள் ஜோவிதா. "கத்திரிக்கோல் நடுவுல ஒரு திருகாணி இருக்கும் இல்ல? எங்க டி.என்.ஏ.வுக்கு மெக்னீசியம்தான் அந்தத் திருகாணி. டி.என்.ஏ.வைத் தின்னுற நொதிங்களுக்கும் அது வேணும். டி.இ. மெக்னீசியத்தைப் புடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் டி.என்.ஏ. பத்திரமா இருக்குது. வெறுமனே எழுத்தைப் படிக்கறவங்களுக்கு அது நல்லது. நமக்கு விஷம்."

"நீங்க மெக்னீசியம் சேக்கறதில்லையா?"

"உடம்புல இருக்கற அளவுதான் சேப்பேன். கூடப் போட்டா தட்டுல ஜோரா வெட்டும், தோல்ல வெட்டாது. அது ஏமாத்து வேலை. நான் போடற துளிய கொஞ்சம் டி.இ. வந்தாலே முழுங்கிடும்."

"இப்போ அதே ட்யூப்ல மெக்னீசியத்தைத் தாராளமாப் போட்டா?"

ஜோவிதா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். "டி.இ. புடிச்சது போவ மிச்சம் இருந்தா... வெட்டணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம்."

"ஆரம்பிங்க. யாருக்கும் சொல்லாதீங்க." கலைமகள் ரெஜிஸ்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் அவர்களைத் தேடி வந்தபோது பதினேழு நிமிஷம் ஆகியிருந்தது. "ரெண்டு நிமிஷம் தள்ளுபடி குடு தலைவா," என்று லூர்துபிரகாஷ் அவன் தோளில் கைபோட்டு வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனான். அந்த இடைவெளியில் கலைமகள் பக்கத்து அறைக்குள் நுழைந்துவிட்டார். வாட்ச்மேனுக்கு டீ வாங்கித் தந்து திரும்பி வந்த லூர்துபிரகாஷ், உள்ளே கேட்ட சத்தத்தில் வாசலிலேயே நின்றான்.

"எனக்கும் அவளுக்கும் ஆவாது. அதுக்கின்னா இப்போ?"

கத்தியவர் ஜோசப் ஆனந்த். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ரத்த மாதிரிகளில் டி.என்.ஏ. பிரித்துச் சோதிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஜோவிதா உட்கார்ந்திருக்கும் நாற்காலி தனக்கு வரவேண்டியது என்று மூன்று வருஷமாகப் புகைந்துகொண்டிருப்பவர். அவர் மேஜை மேல் கழுத்து வரைக்கும் நிரம்பிய டி.இ. பாட்டில் நின்றது. பிடித்தாச்சு, சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று லூர்துபிரகாஷ் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

"அந்த நோட்டீஸைப் பாத்தீங்களா? அது எனக்காக ஒட்டினது," என்றார் ஜோசப் ஆனந்த். "போன வருஷம் மறந்துபோய் இந்த பாட்டிலோட அவ ரூமுக்குள்ள போயிட்டேன். இருவது பேர் முன்னாடி கத்தினா. அன்னைக்கு சாயங்காலம் ஒட்டினா. டெய்லி அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. இந்தக் கட்டடத்துல எல்லாரும் அதைப் படிச்சுட்டுச் சிரிச்சாங்க, கூட்டற அம்மா உள்பட."

"அப்போ பாதியை எடுத்துட்டு டி.இ. ஊத்தி வெக்க உங்களுக்குக் காரணம் இருக்கு," என்றான் லூர்துபிரகாஷ்.

"காரணம் இருக்குய்யா! அவ மருந்தை நாசம் பண்ணணும்னா முழுசா எடுத்து சிங்க்குல ஊத்திட்டுப் போவேன். எதுக்குப் பாதியை விட்டுவெக்கணும்? திருடணும்னா தண்ணி ஊத்தி வெப்பேன். டி.இ. ஊத்தினா அது செத்துடும்னு எனக்கு இருவது சாட்சியோட தெரியும். மாட்டிக்கறதுக்கா ஊத்துவேன்?"

சீக்கிரம் வீட்டுக்குப் போகும் கணக்கை லூர்துபிரகாஷ் மனசுக்குள் அழித்தான்.

"உங்க பாட்டில்லேர்ந்து யாராவது எடுத்தாங்களா?" என்று கேட்டார் கலைமகள்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு மேடம், இந்த வேலை வேணும். கதவைச் சாத்திட்டுப் போங்க."

வெளியே பழைய துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று அடித்தது. எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டுக் கலைமகள் ரெஜிஸ்டரை மறுபடி புரட்டினார்.

"டி.இ.யைப் பத்தித் தெரியாதவன் தண்ணியை ஊத்தியிருப்பான்," என்றார் கடைசியில். "நோட்டீஸைப் படிச்சவனும் தண்ணியைத்தான் ஊத்தியிருப்பான். ஆக, டி.என்.ஏ.வோட பழகின கை. ஆனா அந்த நோட்டீஸைப் படிக்காத கண்ணு. உங்க பார்ல கை கழுவச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துதே, அதை யாரு படிக்கவே மாட்டாங்க?"

"ஓனரு. வேலைக்காரங்களுக்கு ஒட்டினதை அவரு ஏன் படிக்கப்போறாரு..." லூர்துபிரகாஷ் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான். "மேடம்! ஆனா அந்த ஆளு நெசமாவே கோவமா இருக்காரே. திருடினவன் நடிப்பான், இப்படிக் கொதிக்க மாட்டான்."

"அதுதான் எனக்கும் புரியல," என்றார் கலைமகள். "போய்ப் பாப்போம்."

ஐந்து மணிக்கு மதாம் நத்தாலி வந்தார். வெள்ளைக் குட்டை முடி, கையில் தடி. ஆய்வகத்தில் பாதிப் பங்கு அவருடையது. பெர்னாரின் அறையில், நீள மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து புகாரை ஒரு தடவை படித்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எனக்குக் கதை வேணாம்," என்றார் கலைமகளைப் பார்த்து. "மருந்து வெட்டுதா, வெட்டலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடி முசியே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஜோவிதா அறைக் கதவுல இன்னா எழுதியிருக்கு?"

பெர்னார் புருவத்தைச் சுருக்கினார். "வேலைக்காரங்க செவுத்துல ஒட்டறதையெல்லாம் படிக்கறதுதான் என் வேலையா?"

லூர்துபிரகாஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பு வந்தால் கலைமகள் பிறகு திட்டுவார்.

"சரி. எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினீங்க?"

"காலையிலயே சொன்னேனே. நாலு."

"மத்தியானம் சொன்னீங்க." கலைமகள் ரெஜிஸ்டரை மேஜை மேல் விரித்தார். "இதுல மூணுதான் இருக்கு. இங்க நடந்தது மூணுதான். நாலாவது எங்க நடந்துது முசியே?"

பெர்னாரின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.

"வாய் தவறி வந்துட்டுது. மூணோ நாலோ, எல்லாம் சைபர்தானே! நத்தாலி, இந்தப் பொம்பள சாராயக் கடையில மோந்து பாத்துக்கிட்டு இருந்தவ. இவளுக்கு டி.என்.ஏ. பத்தி இன்னா தெரியும்? கையெழுத்தைப் போடு."

"மரியாதையாப் பேசுங்க," என்றான் லூர்துபிரகாஷ். அவன் குரலில் கேலி இல்லை. கலைமகளே திரும்பிப் பார்த்தார்.

"அஸ்ஸே, பெர்னார். போதும்," என்றார் நத்தாலி. ஆனாலும் பேனா காகிதத்தின் மேல்தான் இருந்தது. "சந்தேகத்தை வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது மதாம். மருந்து செத்த மருந்துன்னா அந்தப் பொண்ணு பொய் சொல்லியிருக்கா. அவ்ளோதான்."

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் ஜோவிதா. கையில் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது. சோதனை முடிவைக் காட்டும், ஈரம் காயாத ஒரு படத்தை மேஜை மேல் வைத்தாள். சாம்பல் நிறத்தில் கோடுகள். இடது பக்கம் ஒரே ஒரு தடித்த கோடு. வலது பக்கம் அது இரண்டாகப் பிரிந்து, கீழே இறங்கி நின்றது.

"அதே ட்யூப்," என்றாள். "இடது பக்கம் வழக்கமான அளவு மெக்னீசியம். வெட்டல. வலது பக்கம் பத்து மடங்கு. வெட்டிடுச்சு. டி.இ. கலந்திருக்கு மதாம். யாரோ பாதியை எடுத்துட்டு டி.இ. ஊத்தி வெச்சிருக்காங்க. டி.என்.ஏ. உயிரோடதான் இருக்கு."

நத்தாலி படத்தைத் தொடும் முன் பெர்னார் பறித்துக்கொண்டார். கிழித்துவிடுவார் என்று லூர்துபிரகாஷ் ஒரு எட்டு முன்னால் வைத்தான். பெர்னார் கிழிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகில் கொண்டுபோனார். வலது பக்கத்து இரண்டு கோடுகளை மாறி மாறிப் பார்த்தார். கோபம் அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது. அறையில் மற்றவர்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. இருபது வருஷம் மேஜையில் குனிந்து வேலை பார்த்த மனுஷன் ஒரு நிமிஷம் திரும்பி வந்து, எதிரில் நின்ற இன்னொரு விஞ்ஞானியிடம் கேட்டார்.

"அப்படீன்னா லியோன்ல ஏன் வெட்டல?"

கேட்ட பிறகுதான் தன் காதில் அது விழுந்தது அவருக்கு.

லூர்துபிரகாஷுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. மத்தியானம் வாசலில் பார்த்த கோபம் சுத்தமான கோபம்தான். பாதியைத் திருடிப் பழைய நண்பர்களுக்குத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி அனுப்பி, அங்கே நடந்த அந்த நாலாவது சோதனையில் அது வெட்டாமல் போனதும், ஜோவிதா தன்னைப் போலிச் சரக்கால் ஏமாற்றிவிட்டாள் என்று மனுஷன் உண்மையாகவே நம்பியிருக்கிறார். திருடின பொருளுக்குத் தரம் இல்லை என்று புகார் எழுதியிருக்கிறார்.

"அங்க அனுப்பினதையும் டி.இ.லதானே கலந்தீங்க?" என்று கேட்டாள் ஜோவிதா.

பெர்னாருக்கு ஆமாம் என்பதுபோல் தலை மட்டும் ஒரு தடவை ஆடியது.

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்," என்றாள் அவள். "மூணு வருஷமா ஒரு தடவையாவது என் ரூமுக்கு வந்து, எப்படிம்மா வேலை செய்யுதுன்னு கேட்டிருக்கீங்களா?"

நத்தாலி புகார்க் காகிதத்தைத் திருப்பி ஜோவிதாவின் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

"மோசடின்னு எழுதினதெல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்றார். "பேரை மட்டும் மாத்து."

ஜோவிதா கையுறையைக் கழற்றினாள். தன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது. பிறகு மேலே இருந்த இடத்தில், யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்லாமலே, முதலாளியின் பெயரை எழுதினாள்.